மறுமுத்திரை பெற்ற வெள்ளிக் காசுகள்

தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு உண்டு. கையிற் கொண்டு புழங்கும் காசு ஒன்று; சொன்ன சொல் தவறாத நேர்மை மற்றொன்று. "அவர் நாணயமான மனிதர்" என்று நம் பெரியோர் ஒருவரைப் பற்றிக் கூறும்போது, அவரிடம் காசு நிறைய உண்டு என்று எவரும் கருதுவதில்லை. அவருடைய வாக்குச் செல்லும் என்றே கொள்கின்றோம். இவ்விரு பொருளும் ஒரு சொல்லில் அடங்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை உலக வணிக வரலாறு நன்கு விளக்குகின்றது. ஐரோப்பியர் குடியேற்ற ஆட்சி நடத்திய நூற்றாண்டுகளிற் கடல் கடந்து திரிந்த வெள்ளிக் காசுகளையும், அவற்றின்மீது வெவ்வேறு கைகள் குத்திய முத்திரைகளையும் எடுத்துக்கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

ஓர் அரசு அடித்து வெளியிட்ட காசின்மீது, பின்னர் வேறோர் அரசோ வங்கியோ வணிகனோ தன் அடையாளத்தைக் குத்துவதை மறுமுத்திரை என்கிறோம். காசை உருக்கிப் புதிதாக வார்ப்பதன்று இது. பழைய முகமும் பழைய எழுத்தும் இருந்தபடியே இருக்க, அவற்றின்மேல் புதிய அச்சொன்று விழும். அந்த அச்சைக் குத்தியவன், "இக்காசு செல்லும், இன்ன மதிப்புக்குச் செல்லும், அதற்கு நான் பொறுப்பு" என்று கூறுகின்றான். அவன் கூற்றை மற்றவர்கள் நம்பினார்களா, நம்பியது வீண்போயிற்றா என்பதே நாம் கேட்கவேண்டிய கேள்வி.

நமது நாட்டுச் சான்றுகள்

காசைச் சோதித்து அடையாளம் இடும் வழக்கம் ஐரோப்பியர் கொண்டுவந்த புதுமையன்று. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் போல் ஈ. பீரிஸ் அவர்கள் ஆராய்ச்சி நடத்தியபோது கிடைத்த பழம்பொருள்களுள் அச்சுக் குத்திய வெள்ளிக் காசுகளும் இருந்தன. இந்திய நாடெங்கும் வழங்கிய இக்காசு வகையின் ஒரு புறத்திற் சூரியன், மலை, மரம், விலங்கு முதலிய பெரிய அடையாளங்கள் இருக்கும். மறுபுறத்திற் பெரும்பாலும் மிகச் சிறிய குறிகள் சில சிதறிக் காணப்படும். அச்சிறு குறிகள், காசின் தரத்தைச் சோதித்த வணிகர்களும் காசுக்கடைக்காரர்களும் இட்டவை என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அவ்வாறாயின், மறுமுத்திரையின் வரலாறு இரண்டாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகும்.

கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டு, 1660 முதல் 1679 வரை இத்தீவில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர், 1681 இல் இலண்டனில் வெளிவந்த தமது நூலில் அக்காலக் காசுகளைப் பற்றியும் எழுதியுள்ளார். தூண்டில் போல் வளைந்த வெள்ளிக் கம்பிக் காசு அவற்றுள் ஒன்று. பாரசீகத்து லார் நகரின் பெயரால் லாரின் எனப்பட்ட காசு வகை இதுவே. அரசனின் அனுமதியுடன் யாரும் அதனைச் செய்யலாம். தாம் விரும்பிய குறியையும் குத்தலாம் என்கிறார் நொக்ஸ். அங்ஙனமாயின் அதனை எவ்வாறு நம்புவது? ஐயம் எழுந்தால் காசை நெருப்பிற் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் இடுவார்கள். வெள்ளை வெளேரென்று வந்தாற் செல்லும், வராவிட்டாற் செல்லாது. அது இஸ்பானியரின் எட்டு ரியால் காசிலும் தூய வெள்ளி என்றும் அவர் சான்று பகர்கின்றார். குறி எதுவாயினும் ஆகுக, வெள்ளி மெய்யாக இருக்கவேண்டும் என்பதே நம் நாட்டு மக்களின் தீர்ப்பாக இருந்தது.

1640 இற் காலிக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர், அங்கு வழங்கிய போர்த்துக்கேய வெள்ளிக் காசுகளை ஒழித்துவிடவில்லை. அவற்றின்மீது தம் முத்திரையைக் குத்திப் புழங்கவிட்டனர். கொடி மாறியது, காசு மாறவில்லை. ஆட்சி மாறிய இடங்களில் இம்முறை பின்னரும் பலமுறை கையாளப்பட்டது.

எட்டு ரியாலின் பிறப்பு

நொக்ஸ் ஒப்பிட்டுக் கூறிய எட்டு ரியால் காசே இவ்வரலாற்றின் தலைவன். இஸ்பானிய டொலர் என்று பின்னர் வழங்கிய இக்காசின் எடை ஏறக்குறைய 27 கிராம். இன்றைய பொலிவியாவிலுள்ள பொத்தோசி மலையில் 1545 இல் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் மெக்சிக்கோவின் சக்கற்றேக்காசிலும் சுரங்கம் அகப்பட்டது. பொத்தோசி மலையைக் குடைந்தவர்கள் ஊர்தோறும் முறைவைத்துக் கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்ட அந்நாட்டுப் பழங்குடி மக்கள். உலகை வலம்வந்த அவ்வெள்ளியில் அவர்களுடைய வியர்வையும் கண்ணீரும் கலந்திருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

அங்கிருந்து வெள்ளி இரு வழியாகச் சென்றது. அத்திலாந்திக் கடலைத் தாண்டி இஸ்பானியாவை அடைந்து, ஐரோப்பிய வணிகர் கைவழி இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது ஒரு வழி. மெக்சிக்கோவின் அக்கபுல்கோத் துறையிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து பிலிப்பைன் தீவின் மணிலாவுக்குச் சென்றது மற்ற வழி. 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டுகள் அக்கப்பற் போக்குவரத்து நடைபெற்றது. மணிலாவில் வெள்ளியைக் கொடுத்துச் சீனப் பட்டும் பீங்கானும் வாங்கினர்.

இவ்வளவு புகழ்பெற்ற காசும் ஒருமுறை தன் பெயரை இழந்தது. பொத்தோசியின் அக்கசாலையில் அதிகாரிகளும் வெள்ளி வணிகரும் கூடிப் பல ஆண்டுகளாகக் காசிற் செம்பை மிகுதியாகக் கலந்துவந்தனர். அரசனின் முத்திரை இருந்தது. அரசன் வாக்களித்த வெள்ளி இல்லை. 1649 அளவில் விசாரணை தொடங்கிற்று. குற்றவாளிகளுள் முதல்வனாகிய பெருஞ்செல்வன் கோமெஸ் தெ லா றோச்சா மறு ஆண்டில் மரண தண்டனை பெற்றான். குறைபாடுள்ள காசுகளின் மதிப்பைக் குறைத்தார்கள். ஒரு பகுதிக்கு 1652 இல் முடி வடிவான சிறு முத்திரை குத்தி, குறைந்த மதிப்புக்குச் செல்லவிட்டார்கள். அவ்வாண்டிலேயே புதிய வடிவிற் காசு அடிக்கத் தொடங்கினர். அரசன் தன் காசின்மீது தானே மறுமுத்திரை குத்தவேண்டி வந்தது, முதல் முத்திரையின் சொல் பொய்த்தமையாலன்றோ?

இங்கிலாந்து பட்ட பாடு

இனி, 1797 ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குச் செல்வோம். பிரான்சுடன் போர் நடந்த காலம் அது. பெப்ரவரி மாதத்திற் பிரெஞ்சுப் படையொன்று வேல்ஸ் கரையில் இறங்கிய செய்தி பரவவே, மக்கள் வங்கிகளிற் பொன்னைக் கேட்டு முண்டியடித்தனர். இங்கிலாந்து வங்கி தன் தாள்களுக்குப் பொன் கொடுப்பதை அரசின் கட்டளைப்படி நிறுத்தியது. சில்லறைக்கு வெள்ளிக் காசு இல்லை; புதிதாக அடிக்கக் காலமும் இல்லை. வங்கியிடம் இஸ்பானிய டொலர்கள் குவிந்து கிடந்தன. அவற்றிலிருந்த இஸ்பானிய மன்னனின் கழுத்தின்மீது, தம் மன்னராகிய மூன்றாம் ஜோர்ஜின் தலையைச் சிறிய முட்டை வடிவ அச்சாகக் குத்தி, மார்ச் மாதத்தில் நான்கு சிலிங் ஒன்பது பென்ஸ் மதிப்பில் வெளியிட்டார்கள்.

அந்த அச்சு புதிதாக வெட்டப்பட்டதன்று. வெள்ளிப் பாத்திரங்களுக்கு வரி செலுத்தியதற்கு அடையாளமாகக் குத்தும் அச்சையே எடுத்துக் காசிற் குத்தினர். ஆகவே, அதனைப் போலச் செய்தல் கள்ளருக்குக் கடினமாயிருக்கவில்லை. வெள்ளியின் சந்தை விலை சற்று இறங்கியதும் மலிவாக டொலரை வாங்கி, கள்ள அச்சைக் குத்தி, உயர்ந்த மதிப்பிற் செலவழிக்கும் தொழில் தழைத்தது. இரண்டு அரசரின் தலைகளைத் தாங்கியும் ஒரு முழுக் காசின் பெறுமதி இல்லையே என்று இலண்டன் வாசிகள் எள்ளி நகையாடினர். அவ்வாண்டு ஒக்டோபர் மாதத்துக்குள் அவற்றைத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று.

1804 இல் மீண்டும் முயன்றனர். இம்முறை பெரிய எண்கோண முத்திரை. மதிப்பு ஐந்து சிலிங். அதற்கும் கள்ள அச்சு விரைவிற் பிறந்தது. ஈற்றில், பேர்மிங்காமுக்கு அண்மையிலிருந்த சோகோ ஆலையில் நீராவி இயந்திரத்தாற் காசடித்த மத்தேயு போல்ரன் என்பவரிடம் டொலர்களை ஒப்படைத்தனர். அவர் பழைய உருவம் முழுவதையும் புதிய அச்சால் மூடி, இங்கிலாந்து வங்கியின் ஐந்து சிலிங் டொலராக ஆக்கிக் கொடுத்தார். அதன் பின்னரே கள்ளர் கை ஓரளவு அடங்கிற்று. முத்திரைக்கும் பொருளுக்கும் இடையே வேறுபாடு உள்ள இடத்திலேயே வஞ்சகன் புகுகின்றான் என்பது இங்கு நாம் பெறும் பாடம்.

ஓட்டைக் காசு

இதே டொலர் அவுஸ்திரேலியாவிற் பெற்ற வடிவம் விந்தையானது. நியூ சவுத் வேல்ஸ் அக்காலத்திற் குற்றவாளிகளை நாடு கடத்தி வைக்கும் குடியேற்றம். அங்கு வந்த நல்ல காசெல்லாம் கப்பல் வணிகரிடம் சென்று மறுகப்பலில் வெளியேறிவிடும். மக்கள் கைச்சீட்டுகளைக் கொண்டும் றம் என்னும் மதுவைக் கொண்டும் பண்டம் மாற்றினர். கூலிக்கு மது கொடுக்கும் நாட்டில் ஒழுக்கம் எவ்வாறு நிலைபெறும்?

தேசாதிபதி மக்குவாரி இதற்கு ஒரு வழி கண்டார். 1812 நவம்பரில் சமரங் என்ற கப்பல் 40,000 இஸ்பானிய டொலர்களைக் கொண்டு சிட்னித் துறையை அடைந்தது. அவற்றின் விலை 10,000 பவுண். அக்கப்பல் வந்தது நமக்கு அயலிலுள்ள சென்னைப் பட்டினத்திலிருந்து; காசை அனுப்பியது கிழக்கிந்தியக் கொம்பனி. பொத்தோசியிலும் மெக்சிக்கோவிலும் தோண்டிய வெள்ளி, தமிழ்க் கரையில் தங்கிப் பின் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றது என்றால் அக்கால வணிகத்தின் விரிவை உணரலாம்.

மக்குவாரி ஒவ்வொரு டொலரின் நடுவையும் வட்டமாகக் குடைந்தெடுக்கச் செய்தார். எஞ்சிய வளையத்தில் நியூ சவுத் வேல்ஸ் என்ற பெயரும் 1813 என்ற ஆண்டும் ஐந்து சிலிங் என்ற மதிப்பும் குத்தப்பட்டன. நடுத்துண்டு பதினைந்து பென்ஸ் காசாயிற்று. ஐந்து சிலிங்குக்கு வாங்கிய டொலர் இவ்வாறு ஆறு சிலிங் மூன்று பென்ஸ் ஆயிற்று. அரசாங்கத்துக்கு நூற்றுக்கு இருபத்தைந்து ஆதாயம். அதனினும் பெரிய ஆதாயம், ஓட்டை விழுந்த காசை வெளிநாட்டு வணிகன் அம்மதிப்புக்குக் கொள்ளமாட்டான் என்பதே. காசு ஊரைவிட்டு ஓடவில்லை.

இவ்வேலையைச் செய்து முடித்தவர் வில்லியம் ஹென்சால் என்பவர். கள்ளக் காசுக் குற்றத்துக்காகவே நாடு கடத்தப்பட்டவர் அவர். காசு செய்யும் கைத்திறனைத் தீய வழியிற் கற்ற அவரை அரசாங்கத்தின் காசைச் செய்யவைத்தார் மக்குவாரி. தவறிய மனிதனும் நம்பிக்கை பெற்றால் நாட்டுக்கு உதவுவான் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. ஏறக்குறைய நாற்பதினாயிரம் வளையக் காசுகள் புழக்கத்துக்கு வந்தன. 1829 இல் அவை செல்லுபடியிலிருந்து நீக்கப்பட்டன. இன்று எஞ்சியிருப்பவை சில நூறே. நூதனசாலைகளும் செல்வந்தரும் அவற்றைப் போற்றி வைத்திருக்கின்றனர்.

இங்கிலாந்திலும் முத்திரை காசின் மதிப்பைக் கூட்டியது, இங்கும் கூட்டியது. ஒன்று தோற்க, மற்றொன்று நிலைத்தது ஏன்? இங்கு மறைவு ஒன்றும் இல்லை. காசிற் குறைந்த வெள்ளி எவ்வளவு என்பதை அந்த ஓட்டையே எல்லோருக்கும் காட்டிற்று. கொடுத்த காசை அரசாங்கமே திரும்பக் கொள்ளும் என்ற உறுதியும் இருந்தது. சிறிய குடியேற்றமாதலாற் கள்ள அச்சு ஒளிந்திருக்கவும் இடமில்லை.

மன்னன் அஞ்சிய சொல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மெக்சிக்கோ, பெரு, சிலி, பொலிவியா முதலிய நாடுகள் இஸ்பானிய மன்னனின் ஆட்சியை உதறி விடுதலை பெற்றன. அவை தத்தம் பெயரிற் காசு அடித்தன. மெக்சிக்கோவின் காசில் மன்னன் முகத்துக்குப் பதிலாகப் பாம்பைக் கவ்விய கழுகு தோன்றிற்று. மறுபுறத்துத் தொப்பியிற் சுதந்திரம் என்ற சொல் பொறிக்கப்பட்டது. வணிகத்தில் இக்காசுகள் பிலிப்பைன் தீவுக்கும் வந்து சேர்ந்தன. மணிலாவோ இன்னும் இஸ்பானிய மன்னன் ஏழாம் பேடினந்தின் ஆட்சியில் இருந்தது. காசைத் தடுத்தால் வணிகம் நிற்கும். அனுமதித்தாற் சுதந்திரம் என்ற சொல் ஒவ்வொரு குடியானவன் மடியிலும் ஏறும். செய்வது யாது?

1828 இல் அங்கிருந்த தேசாதிபதி, இக்காசுகளின் முகம் முழுவதையும் மறைக்கும் பெரிய முத்திரையைக் குத்தவைத்தார். நம் மன்னர் ஏழாம் பேடினந்தினாற் செல்லுபடியாக்கப்பட்டது என்பது அதன் வாசகம். பழைய எழுத்து முற்றாக மறையவும் இல்லை. அவ்வளவு பெரிய அச்சைக் குத்துவதும் எளிதாயில்லை. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டு, 1832 இலிருந்து மன்னனின் பெயர்க்குறி கொண்ட சிறு முத்திரையைக் குத்தினர். 1833 இல் மன்னன் இறக்க, 1834 முதல் அவன் மகள் இரண்டாம் இசபெல்லாவின் குறி இடம்பெற்றது. 1836 இல் மெக்சிக்கோவின் சுதந்திரத்தை இஸ்பானியாவே ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டில் முத்திரை குத்தும் வேலையும் நின்றது.

ஒன்பது ஆண்டுகள் பட்ட பாட்டினால் ஒரு சொல்லையும் அவர்களால் அழிக்க முடியவில்லை. இன்று அக்காசுகளைக் கையில் எடுப்பவர், மன்னன் முத்திரைக்கு அருகிலேயே சுதந்திரம் என்ற சொல்லையும் வாசிக்கின்றார்.

கன்டன் வணிகரின் சாப்பா

இதுவரை அரசரின் முத்திரைகளைக் கண்டோம். இனி, வணிகரின் முத்திரையைக் காண்போம். 1757 முதல் 1842 வரை சீனாவில் மேல்நாட்டார் வணிகம் செய்வதற்குத் திறந்திருந்த துறை கன்டன் ஒன்றே. தேயிலைக்கும் பட்டுக்கும் விலையாக ஆண்டுதோறும் இஸ்பானிய டொலர்கள் அங்கு சென்றன. சீன மக்களுக்கு அதில் எழுதியிருந்த மொழி தெரியாது. அம்மன்னன் யாரென்பதும் தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. அவர்கள் வெள்ளியை நிறுத்து வாங்கும் வழக்கமுடையவர்கள்.

ஆதலாற் காசு பார்ப்பதற்கென்றே தேர்ந்தவர்கள் அங்கு இருந்தனர். காசைத் தட்டி ஓசையைக் கேட்பர், விளிம்பைத் தடவிப் பார்ப்பர், தராசில் நிறுப்பர். நல்ல காசென்று கண்டால், தம் கடையின் எழுத்தையோ குறியையோ சிறு உளியால் அதிற் குத்துவர். பின்னொரு நாள் அக்காசு பழுதென்று எவரேனும் கொண்டுவந்தால், குறியிட்டவர் பதில் சொல்லவேண்டும். இக்குறியை ஆங்கிலேயர் சொப் என்றனர். அது சாப் என்னும் இந்துஸ்தானிச் சொல்லின் திரிபு. முத்திரைக்குத் தமிழில் வழங்கிய சாப்பா என்ற சொல்லும் அதன் உறவே. காசு பார்ப்பவரை ஆங்கிலேயர் சிறொப் என்றனர். சர்ராப் என்ற அரபுச் சொல் இந்தியாவழி அவர்களுக்குக் கிடைத்தது. நமது கச்சேரிகளிற் பணம் எண்ணி வாங்கிய சிறாப்பரை அறிந்த முதியோருக்கு இச்சொல் புதிதன்று. கன்டன் கடையும் யாழ்ப்பாணத்துக் கச்சேரியும் ஒரே சொல்லாற் பிணைக்கப்பட்டிருந்தன.

ஒரு காசு பத்துக் கை மாறினாற் பத்துக் குறி ஏறும். குத்துண்டு குத்துண்டு சில காசுகள் கிண்ணம்போற் குழிந்தன. மன்னன் முகம் உருத்தெரியாமற் போயிற்று. ஈற்றில் அவை துண்டு துண்டாக உடைய, அத்துண்டுகளையும் நிறுத்து வாங்கினர். முகம் அழிந்தும் மதிப்பு அழியவில்லை.

இதனால் அவ்வணிகம் முழுதும் குற்றமற்றது என்று கூறிவிடலாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வெள்ளிக்குப் பதிலாக இந்தியாவில் விளைந்த அபினைச் சீனாவுக்குள் புகுத்தினர். முன்னர் உள்ளே வந்த வெள்ளி வெளியேறத் தொடங்கிற்று. சீன அரசு தடுத்தது. 1839 இற் போர் மூண்டது. 1842 இல் தோற்ற சீனர்மீது விதித்த தண்டமும் இருபத்தொரு மில்லியன் டொலர் என்று அதே காசிலேயே கணக்கிடப்பட்டது. நாணயமான காசைக்கொண்டு நாணயமற்ற காரியமும் செய்யலாம் என்பதற்கு வரலாறு காட்டும் கொடிய உதாரணம் இது.

ஒரே குறி, இரு தீர்ப்பு

சீன வணிகத்துக்கென்றே அமெரிக்க ஐக்கிய நாடும் 1873 முதல் தனி டொலர் ஒன்றை அடித்தது. கன்டன் பக்கத்தில் அதுவும் வணிகர் குறிகளைப் பெற்றது. வெள்ளி விலை வீழ்ந்தபோது இக்காசுகள் அமெரிக்காவுக்குள்ளேயே புழங்கத் தொடங்கின. 1876 இல் அரசு அவற்றின் சட்டச் செல்லுபடியை நீக்கிற்று. முதலாளிகள் சிலர் அவற்றை மலிவாக வாங்கி, முழு மதிப்பென்று கூறித் தொழிலாளருக்குச் சம்பளமாகக் கொடுத்தனர். தொழிலாளரோ கடைகளில் வட்டம் கொடுத்தே அவற்றை மாற்றவேண்டியிருந்தது. முறைப்பாடு பெருகவே, 1887 இல் ஆறு மாத காலத்துக்கு அவற்றை முழு மதிப்பில் மீட்க அரசு முன்வந்தது. ஆனால் ஒரு நிபந்தனை: சிதைந்த, குறி குத்திய காசுகளை ஏற்கமாட்டோம் என்றது. கன்டனில் நேர்மைக்குச் சான்றாக இருந்த குறி, அமெரிக்கத் திறைசேரியிற் பழுதாகிவிட்டது! ஒரே காசு, ஒரே குறி, குறியிட்டவரை அறிந்த ஊரில் அது வாக்கு, அறியாத ஊரில் வெறும் தழும்பு.

இளைஞர்க்கு

வெள்ளிக் காசின் காலம் முடிந்துவிட்டது. சீனாவும் 1935 இல் வெள்ளியைக் கைவிட்டது. இன்று நம் கையிலிருக்கும் தாளுக்கு உலோகப் பெறுமதி ஒன்றும் இல்லை. அதனைத் தாங்கி நிற்பது முற்றிலும் வாக்கே. ஆகையால் அன்றையினும் இன்றே இவ்வரலாறு நமக்கு வேண்டியதாகின்றது.

இளைஞர் பலர் உத்தியோகத்திலும் வணிகத்திலும் பொதுப்பணியிலும் கால்வைக்கும் பருவம் இது. சான்றிதழும் பட்டமும் பதவியும் பிறர் நம்மீது குத்தும் முத்திரைகள். அவை வேண்டாதவை அல்ல. ஆயினும் பொத்தோசியின் காசுக்கும் அரச முத்திரை இருந்தது. உள்ளே வெள்ளி இல்லாமையால் அது தலைகுனிந்தது. கன்டனின் காசு முகம் சிதைந்தும் தலைநிமிர்ந்து நின்றது. நாமும் சங்கத்தின் கணக்கில், கூட்டுறவுப் பத்திரத்தில், நண்பனுக்காக இடும் பிணைக் கையொப்பத்தில் நாளும் நமது குறியைக் குத்திவருகின்றோம். பின்னொரு நாள் அக்குறியை எவரேனும் நம் வாயிலுக்குக் கொண்டுவந்து காட்டினால், "ஆம், இது என்னுடையது; நானே பொறுப்பு" என்று சொல்ல நம்மால் இயலவேண்டும். நம் முன்னோர் காசையும் நேர்மையையும் ஒரே சொல்லால் அழைத்ததன் கருத்து அதுவே.